சங்கீதம் 91 வாசிக்கப் போய் 51-இல் மாட்டிக்கொண்டேன்

அப்பா பெரம்பூரில் ஆட்டோ ஓட்டினவர். சர்க்கரைப் புண்ணோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அந்த வண்டியை நான் விற்றுவிட்டேன், அவர் கையெழுத்தையும் நானே போட்டு. வைத்தியச் செலவுக்கு என்று அம்மாவிடம் சொன்னேன், ஆனால் பாதிக்கு மேல் என் கடனுக்குத்தான் போனது. அவரோ தினமும் "வண்டிய ஸ்டார்ட் பண்ணி வெச்சியாடா, பேட்டரி எறங்கிடும்" என்பார். "பண்ணேன்ப்பா" என்பேன்.

ஆஸ்பத்திரி என்றால் எங்கள் கிறிஸ்தவ ஆட்களுக்கு பைபிள் பாட்டுகளில் 91-ஆம் சங்கீதம்தான். அப்பா பைபிளில் அந்தப் பக்கம் மட்டும் விரல் பட்டுக் கறுத்திருக்கும். ஒருநாள் ராத்திரி அதை வாசிக்கச் சொன்னார். "உன்னதமானவரின் மறைவில்" என்று ஆரம்பித்ததுமே தொண்டை அடைத்தது. பொய் சொன்னவன் ஒளிந்துகொள்ளும் இடமா அது? முன்னால் புரட்டி 51-க்குப் போனேன். அடுத்தவன் மனைவி பத்சேபாள் விஷயத்தில் கண்டிக்க நாத்தான் தீர்க்கதரிசி தேடி வந்தபிறகு தாவீது ராஜா பாடினது என்று தலைப்பிலேயே இருக்கும். ராஜாவே மாட்டிக்கொண்ட பிறகுதான் வாயைத் திறந்திருக்கிறார், அதில் எனக்குக் கொஞ்சம் தைரியம். ஆறாம் வசனம், "உள்ளத்தில் உண்மையிருக்க விரும்புகிறீர்." அங்கேயே நின்றுவிட்டேன்.

அப்பா கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "எவ்ளோக்குடா போச்சு?"

சொன்னேன். "கம்மியா குடுத்துட்ட" என்றார். அவ்வளவுதான். மன்னித்தாரா என்று கேட்கவில்லை, அடுத்த மாசம் போய்விட்டார்.

காசிமேடு கல்லறையிலிருந்து திரும்பிய அன்று வந்தவர்கள் எல்லாரும் "கர்த்தர் என் மேய்ப்பர்" என்கிற 23-ஆம் சங்கீதம் சொல்லித் தேற்றினார்கள். எனக்கு ஒட்டியது 88. மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் எப்படியாவது நம்பிக்கைக்கு ஏறிவிடும், 13 ஆறே வசனத்தில் ஏறிவிடுகிறது. 88 ஏறாது, இருட்டிலேயே முடியும். ஆனால் அதைப் பாடின ஏமான் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் அத்தனையும் கொட்டுகிறார். இப்போதைக்கு என் விசுவாசமும் அந்தக் கூப்பிடுற அளவுக்குத்தான் இருக்கிறது.

பதில்:

பிரதர், நான் சாந்தோம் பக்கம், கத்தோலிக்க வீடு. எங்களுக்கு இது திருப்பாடல், எண் இதேதான். அத்தை கன்னியர் மடத்தில் இருக்கிறார். அவர்கள் செபத்தில் 51 ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும் வரும், 88 அதே வெள்ளி இரவு. ஒரே நாளில் ரெண்டுமா என்று கேட்டதற்கு, "வெள்ளி சிலுவை நாளாச்சே" என்றார். எனக்கு 88 வாய்விட்டுச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை. "கம்மியா குடுத்துட்ட" படித்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். எங்கள் அப்பா அதுகூடச் சொல்லாமல் போய்விட்டார்.