'வெக்கை'க்குப் பிறகு எதைப் படிக்கலாம்?

கேள்வி:
பூமணியின் 'வெக்கை' (1982) நாவலை அண்மையில் படித்து முடித்தேன். அண்ணனைக் கொன்றவனின் கையை மட்டும் வெட்ட நினைத்துப் போன பதினைந்து வயதுச் சிதம்பரம், அவனைக் கொன்றுவிட்டுத் தந்தையோடு காடுமேடெல்லாம் அலைகிறான். பழிவாங்கும் கதை என்று கையிலெடுத்த எனக்கு, தலைமறைவாகத் திரியும் அவ்விருவரும் உலைவைத்து உண்டு, வீட்டு நினைவுகளைப் பேசிக் கிடக்கும் பக்கங்களே நெஞ்சில் தங்கின. அடுத்து அவருடைய 'அஞ்ஞாடி'யைத் தொடங்கலாமா?

மறுமொழி 1:
தாராளமாகத் தொடங்குங்கள், ஆனால் அவசரம் வேண்டாம். ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் அந்த நாவல், ஆண்டி, மாரி என்னும் இரு சிறுவர்களின் நட்பில் தொடங்கி, கழுகுமலை, சிவகாசிக் கலவரங்கள் வரை விரிகிறது. வரலாற்றுப் பகுதிகளில் எனக்குச் சற்று அயர்வு ஏற்பட்டது உண்மையே. எனினும் கரிசல் மண்ணின் பேச்சு மீண்டும் என்னை உள்ளே இழுத்துக்கொண்டது.

மறுமொழி 2:
அதற்கு முன்பு இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒடுக்கப்பட்டோரின் துணியை வெளுக்கும் ஆரோக்கியம், வீடு வீடாகச் சென்று இரவுச் சோறு வாங்குவதையும், களத்தில் தனக்குரிய தானியத்துக்காக மன்றாடுவதையும் ஆசிரியர் இரக்கம் கோராமல் எழுதியிருக்கிறார். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் ஒருத்தி ஒடுக்கப்படுவதை இவ்வளவு அருகிலிருந்து காட்டிய வேறொரு நாவலை நான் படித்ததில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஆரோக்கியத்தின் கதையை முதலில் படிக்கிறேன். 'அஞ்ஞாடி'யைக் கோடை விடுமுறைக்கு வைத்துக்கொள்கிறேன்.