காப்புநகலா, கோட்டைநகலா?

அண்ணாச்சிக்கும் குழுவினருக்கும் வணக்கம். 'என்கிரிப்டட் ஆஃப்லைன் பேக்கப்', அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கிப் பூட்டி, கணினியோடு இணைக்காமல் தனியே வைக்கிற நகல்; இதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும் என்று கேட்டிருந்தேன். அண்ணாச்சி எழுதிய பதில்:

> "மறையாக்கிய இணைப்பறு காப்புநகல்" என்று வைத்துக்கொள்ளலாமா?

பொருளில் குறையில்லை அண்ணாச்சி. ஆனால் வண்ணாரப்பேட்டையில் கணினி பழுது பார்க்கிற பையன் வாயில் இது நுழையாது.

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவரின் பழைய கணினியைப் பார்த்தேன். விண்டோஸ் எக்ஸ்பி; 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு ஆதரவு நின்றுபோனது. உள்ளே பல வருட நோயாளிக் குறிப்புகள். "பேக்கப் இருக்கு" என்று பென்டிரைவைக் காட்டினார். அது கணினியிலேயே செருகிக் கிடந்தது, கடவுச்சொல்லும் இல்லை. கணினிக்கு வைரஸ் வந்தால் அதற்கும் வரும். எடுத்துப்போகிறவர் யாரும் படிக்கலாம். இதையும் நாம் காப்புநகல் என்றுதானே சொல்கிறோம்? அதனால்தான் தனிச்சொல் கேட்கிறேன்.

அந்தக் கணினியை நெட்டில் இணைக்கவே இல்லை. ஹார்டு டிஸ்கைக் கழற்றி, லினக்ஸ் ஓடும் வேறு கணினியில், படிக்க மட்டும் முடிகிற மாதிரி இணைத்து நகலெடுத்தேன். மூலம், நகல் இரண்டிலும் ஷா-256 மதிப்பு (கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் மாறிவிடுகிற கைரேகை மாதிரி) ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே வெராகிரிப்ட் என்ற மறையாக்க மென்பொருளில் பூட்டினேன். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த கடிதங்கள் நிறைய. அந்த எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்தே எடுத்தேன். அவை இல்லாமல் நாளைக்குத் திறந்தால் வெறும் கிறுக்கல்தான்.

நம் பக்கத்தில் விதைநெல்லை என்ன செய்வார்கள்? நன்றாகக் காயவைத்து, வைக்கோல் பிரி சுற்றி இறுக்கிக் கட்டி, மேலே சாணி மெழுகித் தனியாக வைப்பார்கள். விதைக்கோட்டை. வீட்டில் அரிசி தீர்ந்தாலும் அதில் கைவைக்க மாட்டார்கள். பூட்டு, பிரித்து வைத்தல், தொடாமை மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. ஆகவே என் முன்மொழிவு: கோட்டைநகல்.

—

தம்பி, வெளியூர்க்காரர்கள் கோட்டை என்றால் மதிலைத்தான் நினைப்பார்கள். போகட்டும், அதுவும் காவல்தான். ஆனால் நகலுக்குப் பதில் 'கோட்டைப்படி' என்றால்? படி, பிரதியும் ஆகும், அளவும் ஆகும். 21 மரக்கால் ஒரு கோட்டை என்று நெல் அளந்த ஊருக்குப் பொருத்தமாக இருக்குமே.

—

ஆசையாகத்தான் இருக்கிறது அண்ணாச்சி. ஆனால் 'சட்டப்படி', 'முறைப்படி' போல 'கோட்டை சொன்னபடி' என்று படித்துவிடுவார்கள். நகலே இருக்கட்டும்.

இன்னொன்று. 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் புகுந்தபோது, எனக்குத் தெரிந்த ஒரு அலுவலகத்தில் கணினியும் நகல் வைத்த டிஸ்கும் ஒரே அறையில் நனைந்தன. ஒரு கோட்டைநகலாவது வேறு ஊரில் இருக்கவேண்டும் என்பதை விளக்கக் குறிப்பில் கட்டாயம் சேர்க்கவேண்டும்.

நகல் திரும்பத் திறக்கிறதா என்று சோதிப்பதற்கும் சொல் இல்லை. விதைக்கும் முன் ஒரு கைப்பிடி விதையை ஈரச்சாக்கில் கட்டி முளைக்கிறதா என்று பார்ப்பார்களே, அதை வைத்து 'முளைபார்ப்பு' எனலாமா? சனிக்கிழமை அந்த மருத்துவரின் நகலை முளைபார்க்கப் போகிறேன். அதற்குள் உங்கள் கருத்தை எழுதுங்கள்.