கடற்புழுவின் ஒட்டுண்ணி: உருவத்தை நம்புவதா, பரம்பரையலகை நம்புவதா?

பேராதனைப்பிள்ளை:
உயர்தரத்தில் இன்னமும் ஒட்டுண்ணிகளை உருவத்தை வைத்தே கூட்டம் பிரிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கனடாவின் பசிபிக் கரையில் சிப்புன்குலா வகைக் கடற்புழு ஒன்றின் குடலில் தட்டையான தனிக்கல ஒட்டுண்ணி இருக்கிறது. முதுகெலும்பில்லாத பிராணிகளில் வாழும் கிரெகரின் என்ற ஒட்டுண்ணிக் கூட்டத்தில், செலினிடியம் என்ற பெயரில் அதை வைத்திருந்தார்கள். 2009இல் பிளாட்டிப்ரோட்டியம் என்று பெயர் மாறியது. 2019இல் ஏராளமான பரம்பரையலகுகளை ஒப்பிட்டால், அது கிரெகரினே இல்லை! மலேரியாக் கிருமி அடங்கும் அபிகொம்ப்ளெக்சாவுக்கே வெளியில் நிற்கிறது. இதற்குப் பிறகும் உருவத்தை நம்புவதா?

ஹட்டன்_சேர்:
அவசரப்படாதீங்க மகள். செலினிடியத்தின் தோலுக்கடியில் நுண்புன்குழாய்கள் நெடுக ஓடும், அதனால் நெளிந்து சுருளும். கிரெகரின்களின் இன்னொரு பிரிவான யூகிரெகரின் அப்படியில்லை. மேலெல்லாம் நெடுக்கு மடிப்புகள், உடம்பை வளைக்காமலே வழுக்கிப் போகும். நீங்கள் சொல்லும் ஆள் இலை மாதிரித் தட்டை, அசைவும் வேறு. அதைத் தனிப்பெயரில் பிரித்ததில் கண்ணுக்கும் பங்கு உண்டு. 18எஸ் என்ற ஒரே பரம்பரையலகை மட்டும் வைத்து வரைந்த பழைய உறவு மரங்கள் மட்டும் யோக்கியமா? கிரெகரின்களில் அது தறிகெட்ட வேகத்தில் மாறுகிறது. வேகமாக மாறியவை சொந்தமில்லாமலே மரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

தேயிலைக்காடு:
சேர், தங்கச்சி, சண்டை நல்லாத்தான் இருக்கு. ஆனா கடல்புழுக் குடலுக்கும் மலைநாட்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஹட்டன்_சேர்:
கொழுந்து மலையில் ஒரு மண்புழுவைப் பிடித்து விந்துப்பையைக் கீறி வழுக்கியில் தடவிப் பாருங்கள். மொனோசிஸ்டிஸ் இருக்க நல்ல வாய்ப்பு. அதுவும் கிரெகரின்தான், கடலிலுள்ளவற்றின் உறவு.

பேராதனைப்பிள்ளை:
நல்ல உதாரணம் கொடுத்தீங்க சேர்! முதன்முதலாக நுணுக்குக்காட்டியில் பார்க்கிற பிள்ளை அதன் உடம்பைச் சுற்றி மயிர் இருப்பதாகத்தான் வரையும், பிசிர் கொண்ட பரமீசியத்தின் சொந்தம் என்றும் எழுதும். அது மயிரே இல்லை, புழுவின் விந்துகளுடைய வால் ஒட்டியிருக்கிறது.

தேயிலைக்காடு அண்ணே, சம்பந்தம் உங்கள் பீலித் தண்ணீரிலும் வரலாம். வயிற்றோட்டம் தரும் ஒட்டுண்ணியான கிரிப்டோஸ்போரிடியம் குளோரினுக்குச் சாகாது, கொதிக்க வைத்தால் சாகும். அது கிரெகரின்களுக்கு நெருக்கம் என்று 1999இல் பரம்பரையலகு காட்டியது. மலேரியாக் கிருமியிடம் உள்ள பச்சையவுருமணி எச்சம் இதனிடம் இல்லை, அதனால் அந்த எச்சத்தைத் தாக்கும் மருந்து இதில் பலிக்காது.

ஹட்டன்_சேர்:
மயிரென்று வரைந்தது பிள்ளையின் பிழை, உருவத்தின் பிழையா? இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்தால் வால் எது, உடம்பு எது என்று தெரிந்துவிடும்.

பேராதனைப்பிள்ளை:
வைத்தும் ஏமாந்தார்களே! சிப்பிகளைக் கொல்லும் பெர்க்கின்சஸை 1950இல் பங்கசு என்றார்கள். அப்புறம் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் அதன் நீந்தும் வித்தியின் நுனியில், அபிகொம்ப்ளெக்சாவின் அடையாளமான கூம்பு அமைப்புத் தெரிந்தது. உடனே 1978இல் அபிகொம்ப்ளெக்சாவில் சேர்த்தார்கள். பரம்பரையலகு அதை டைனோபிளாஜெலேட் என்ற வேறொரு தனிக்கலக் கூட்டத்தின் பக்கம் கொண்டுபோய் வைத்தது. அந்த நுனிக்கருவி ஒட்டுண்ணிகளின் தனிச்சொத்து இல்லை. சுதந்திரமாகத் திரிந்து பிற கலங்களை உறிஞ்சும் கொல்பொடெல்லாவிடமும் அதே வகைக் கருவி இருக்கிறது. பொது மூதாதையின் சொத்து எல்லாருக்கும் வந்திருக்கிறது. அதை வைத்து யார் யாருக்கு நெருக்கம் என்று எப்படிச் சொல்வது?

ஹட்டன்_சேர்:
அப்படியானால் உறிஞ்சும் வாய்தான் ஒட்டுண்ணிக் கருவியாக மாறியது என்று நீங்களே உருவத்தை வைத்துத்தானே சொல்கிறீர்கள்! பரம்பரையலகு மரத்தில் வாய் வரைந்திருக்காது. 2019 வேலைக்குத் தனித்தனிக் கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்த்து, பொறுக்கி எடுத்துத்தான் வாசித்தார்கள். பொறுக்கியது எது? கண்.

பேராதனைப்பிள்ளை:
பொறுக்கக் கண் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். சொந்தம் சொல்ல அது போதாது.

தேயிலைக்காடு:
நான் தண்ணியக் கொதிக்க வச்சிட்டு வாறேன். நீங்க தொடருங்க.