மடிப்பில் தெரிந்த வெள்ளைக் கோடு

நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து நடத்தும் சிற்றிதழின் சிறப்பிதழ் அது. வடிவமைப்பு, தாள், அட்டை எல்லாம் என் பொறுப்பு. 64 பக்கம், நடுவில் பின் அடிப்பது. அட்டை முழுக்க அடர்நீலம், 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஆர்ட் போர்டு. தடிமனாக இருந்தால் கையில் எடுக்கும்போதே ஒரு மரியாதை வரும் என்று எனக்கு நினைப்பு. கட்டைப் பிரித்ததும் முதலில் கண்ணில் பட்டது முதுகுதான். மேலிருந்து கீழ்வரை மை வெடித்து வெள்ளையாக ஒரு கோடு. ஒரு பிரதியில் இல்லை, எல்லாவற்றிலும்.

சண்டை போடத்தான் அச்சகத்துக்குப் போனேன். பைண்டிங் பார்க்கும் பெரியவர் ஒன்றும் பேசாமல், மிச்சமிருந்த அட்டை ஒன்றை எடுத்து நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்குவாக்கில் ஒரு தடவை கிழித்துக் காட்டினார். ஒன்று ஓரளவு நேராகக் கிழிந்தது, மற்றது கோணல்மாணலாகப் போனது. தாள் செய்யும் இயந்திரத்தில் கூழ் ஓடும் திசையில்தான் நார்கள் பெரும்பாலும் படுக்கின்றன. அந்த ஓட்டத்தோடு மடித்தால் தாள் சொன்னபடி கேட்கும். குறுக்கே மடித்தால் நார் முறியும், மேலே இருக்கும் பூச்சும் மையும் சேர்ந்து வெடிக்கும். பெரிய தாளில் ஓர் அட்டை கூடுதலாகக் கொள்ளும் என்று அட்டைகளைத் திருப்பி அடுக்கியிருந்தார்கள். தாள் மிச்சம், மடிப்பு போச்சு. அதற்குச் சரி என்று தலையாட்டியதும் நான்தான். போதாக்குறைக்கு, அந்தத் தடிமனுக்குக் கட்டாயம் போட வேண்டிய கிரீசிங்கையும், அதாவது மடிக்கும் இடத்தில் முன்கூட்டியே அழுத்திவிடும் பள்ளத்தையும், நான் கேட்கவில்லை.

"லேமினேஷனாவது போட்டிருக்கலாம் தம்பி" என்றார். மேலே ஒட்டும் அந்த மெல்லிய பிளாஸ்டிக் படலம் நார் முறிவதைத் தடுக்காது, ஆனால் மை உதிராமல் பிடித்துக்கொள்ளும்.

இதில் இன்னொன்றும் நடந்தது. பக்க எண்ணை வெளியோரத்தில் 4 மில்லிமீட்டர் தள்ளி வைத்திருந்தேன், திரையில் அழகாக இருந்தது. 64 பக்கம் என்றால் 16 தாள்கள் ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்கும். உள்ளே போகப்போக ஒவ்வொரு தாளும் கொஞ்சம் வெளியே பிதுங்கும். 100 ஜிஎஸ்எம் தாளில் நடுப்பக்கம் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் பிதுங்கிவிட்டது. அதைச் சமமாக வெட்டியபோது நடுப்பக்க எண்கள் கத்தி விளிம்பை ஒட்டி உட்கார்ந்துகொண்டன. அச்சு வேலையில் உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

* * *

நாரோட்டம் பார்க்க, கிழிப்பதைவிட எளிய வழி ஒன்று உண்டு. சின்னத் துண்டு வெட்டி ஒரு பக்கத்தை மட்டும் லேசாக ஈரமாக்குங்கள். தாள் குழாய்போலச் சுருளும். குழாய் எந்தத் திசையில் நீள்கிறதோ அதுதான் நாரோட்டம்.

என் கதை எழுத்துரு. கவிதைத் தொகுப்பு ஒன்று. மூன்று முறை மெய்ப்புப் பார்த்து, கையெழுத்தும் போட்டாயிற்று. பிளேட் (அச்சுத் தகடு) போடுவதற்கு முதல் நாள் கவிஞர் ஒரே ஒரு வரியை மாற்றச் சொன்னார். சின்ன வேலைதானே என்று, மூலக் கோப்பைக் கொடுத்து அச்சகத்திலேயே திருத்தச் சொல்லிவிட்டேன். அவர்கள் கணினியில் இருந்தது அதே மென்பொருள்தான், ஆனால் தமிழைச் சேர்த்துக் காட்டும் பத்தி அமைப்பு அதில் இயங்கவில்லை. திருத்திய அந்தப் பக்கத்தில் மட்டும் கொம்பெல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. 'கேள்' என்ற சொல்லைக் கவிஞரே எழுத்துக்கூட்டித்தான் படித்தார். தமிழ் தெரியாதவர் கையில் அந்தக் கோப்பு இருந்தால் இது பிழை என்றே தெரியாது, அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இப்போதெல்லாம் மூலக் கோப்பை யாருக்கும் தருவதில்லை. எழுத்துருவை உள்ளேயே பதித்த பிடிஎஃப் மட்டும்தான், அதிலும் அச்சுக்கென்றே வகுத்த எக்ஸ்-1ஏ வகை. ஒரு கால்புள்ளி மாறினாலும் நானே புதிதாக எடுத்து அனுப்புகிறேன். அனுப்பும் முன் அந்த பிடிஎஃப்பையே தாளில் எடுத்து, கண்ணால் கடைசியாக ஒரு தடவை.

* * *

நான் அச்சுக்கு முந்தைய வேலைகள் பார்ப்பவன், மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். வெட்டுக்கோட்டுக்கு வெளியே நிறம் நீள வேண்டிய 3 மில்லிமீட்டர் பிளீட் விடாமல் வருவது, இணையத்தில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிவிட்டு '300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) போட்டாச்சு' என்பது, இதெல்லாம் பழகிவிட்டது. இன்னும் கடுப்பேற்றுவது கறுப்பு எழுத்து.

திரைக்கான ஆர்ஜிபி கறுப்பை அப்படியே அச்சின் நான்கு மை முறையான சிஎம்ஒய்கேக்கு மாற்றினால் அது ஒரு மையாக வராது. பல கணினிகளில் 75, 68, 67, 90 என்று நான்கு மையாகப் பிரியும். கூட்டினால் 300 சதவீதம். 9 புள்ளி எழுத்தை நான்கு பிளேட்டிலும் மயிரிழை பிசகாமல் பொருத்துவது எந்த இயந்திரத்துக்கும் சிரமம். பூச்சில்லாத மேப்லித்தோ தாளில் ஒருவர் முழுப் புத்தகத்தையும் அப்படி அனுப்பியிருந்தார், நானும் அவசரத்தில் விட்டுவிட்டேன். சுழிகளைச் சுற்றி நிறம் பிதுங்கித் தெரிந்தது. அட்டைக்குள் வந்த முழுக் கறுப்புப் பக்கங்களில் மை காயாமல், அடுக்கில் மேலே இருந்த தாளின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. எழுத்துக்குக் கறுப்பு மட்டும் 100 போதும். பெரிய கறுப்புப் பரப்புக்குத்தான் மற்ற மைகளின் துணை வேண்டும், இல்லாவிட்டால் சாம்பல் பூத்ததுபோல இருக்கும். அங்கேயும் தாள் எவ்வளவு குடிக்கும் என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

* * *

என்னுடையது இரண்டு வரிதான். பாராட்டுச் சான்றிதழ்களைப் பளபளப்பான ஆர்ட் பேப்பரில் அடித்தோம், பெயர் எழுத வெற்றுக் கோடு விட்டு. மேடையில் மை பேனாவால் எழுதி, ஈரம் காயுமுன் கொடுத்தார்கள். வாங்கியவர்களின் பெயர் அவரவர் கட்டைவிரலில் இருந்தது.

* * *

எல்லோருக்கும் நன்றி. அடுத்த இதழுக்கு நான் முதலில் போனது அந்தப் பெரியவரிடம்தான், கணினியைத் திறக்கவே இல்லை. எந்தத் தாள், எப்படி மடிப்பது, எங்கே வெட்டுவது என்று பேசி முடித்தபின், அச்சடிக்காத வெற்றுத் தாளிலேயே ஒரு மாதிரிப் புத்தகம் கட்டித் தரச் சொன்னேன். அட்டையை 250 ஜிஎஸ்எம்முக்கு இறக்கினார், மேட் லேமினேஷன் சொன்னார். அடர்நீலம் அதில் சற்று மங்கும், விரல் தடமும் விழும் என்றும் எச்சரித்தார். பக்க எண்ணை இன்னும் 6 மில்லிமீட்டர் உள்ளே தள்ளிவிட்டேன்.

கறுப்பு விஷயம் எனக்குப் புதிது. இப்போதுதான் கோப்பைத் திறந்து பார்த்தேன். 75, 68, 67, 90. உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருக்கிறேன்.