விசுவாசப் பிரமாணத்தில் உங்களை நிறுத்தின இடம் எது? (அனுபவப் பகிர்வு)

வட்டுக்கோட்டையான்:

திடப்படுத்தல் வகுப்பு (சபையில முழு உறுப்பினராக ஆயத்தப்படுத்திற வகுப்பு). பிரமாணம், அதுதான் கோயிலில எல்லாரும் சேந்து சொல்லுற விசுவாச அறிக்கை, ஒப்புவிச்சு முடிய, கடைசி வாங்கில இருந்த பெடியன் எழும்பிக் கேட்டான்: "பாதாளத்தில் இறங்கினார் எண்டால், அங்க எத்தினை மணித்தியாலம் நிண்டவர்?" வகுப்பே சிரிச்சுது. படிப்பிச்சவர் அடுத்த வரிக்குத் தாவிட்டார். உந்த வரியில எல்லாரும் அப்பிடித்தான் ஓடுறது.

மணித்தியாலக் கணக்கு லேசு: வெள்ளி பின்னேரத்தில இருந்து ஞாயிறு விடியுமட்டும், நாப்பதுக்கு உள்ள. யூதர் துண்டு நாளையும் ஒரு நாளா எண்ணுவினம், அதாலதான் "மூன்றாம் நாள்". பெடியன் கேட்டது உண்மையில அங்க என்ன நடந்தது எண்டு.

நாங்கள் சொல்லுறது அப்போஸ்தலர் பிரமாணம். அதுக்கு முந்தின பழைய ரோமப் பிரமாணத்தில இந்த வரி இல்லை. இத்தாலியின்ர அக்குயிலேயா சபையின்ர பிரமாணத்தில இருந்ததெண்டு 400ஆம் ஆண்டளவில ருஃபீனுஸ் எண்ட சபை எழுத்தாளர் எழுதியிருக்கிறார். நிசேயாப் பிரமாணத்தில இண்டைக்கும் இல்லை. ஆதாரமாக் காட்டுறது அப்போஸ்தலர் 2:27, 1 பேதுரு 3:19. கிழக்குச் சபையளுக்கு இது வெற்றி வரி: உயிர்ப்புப் படத்தில கிறிஸ்து பாதாளக் கதவை மிதிச்சுக்கொண்டு ஆதாமையும் ஏவாளையும் கையில பிடிச்சுத் தூக்குவார். சீர்திருத்தக்காரர் கல்வின் இதைச் சிலுவையில பட்ட ஆத்தும வேதனை எண்டு விளக்கினார்.

வகுப்பில பிழைக்கிறது எங்கயெண்டா, "நரகத்துக்குப் போனார்" எண்டு சொல்லிக் குடுக்கிறதில. அடுத்த கேள்வி "அவர் என்ன பாவம் செய்தவர்?" எண்டுதான் வரும். செத்த மனுசர் எல்லாரும் போற இடத்துக்கு அவரும் போனார், சாவு நடிப்பில்லை. முதல் வகுப்புக்கு அது காணும். பேதுருவின்ர வசனம் அடுத்த கிழமைக்கு.

சுண்டிக்குளி_4:

செத்தவீட்டில பிரமாணம் சொல்லி முடிய, பக்கத்து வீட்டுச் சைவ அம்மா ஒராள் மெல்லக் கேட்டா: "கொலைக்குத் தீர்ப்புச் சொன்னவன்ர பேரை ஏன் பிள்ளையள் சாமிப் பேரோட சேத்துச் சொல்லுறியள்?" ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

இயேசுவை விட்டால் பிரமாணத்தில ரெண்டே ரெண்டு மனுசற்ற பேர்தான், மரியாளும் பிலாத்தும். பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26இல இருந்து 36 வரை. "பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டார்" எண்டது திகதி குறிக்கிற வரி. எந்தக் காலம், எந்த ஆட்சி எண்டு கேட்டால் பதில் அதுக்குள்ள கிடக்கு.

இரவுப்பணி:

என்னை நிறுத்தியது ஞானஸ்நானம். குறைமாதக் குழந்தை. தாய் கத்தோலிக்கம். சுவாமி (பாதிரியார்) வந்து சேருமட்டும் பிள்ளை தாங்காது என்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் திருநீறு பூசிய தாதி ஒருவர். தாய் வசனத்தைச் சொல்லிக் கொடுக்க, அவர் சிரிஞ்சில் கிருமிநீக்கிய தண்ணீரை எடுத்து, நெற்றியில் சொட்டுச் சொட்டாக விட்டபடியே சொன்னார்: "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் தருகிறேன்." குரல் நடுங்கியது, கை நடுங்கவில்லை. பிறகு உறவுக்குள் பெரிய வாக்குவாதம்: சைவத் தாதி கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா?

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டப்படி செல்லும். அவசரத்தில் எவரும் கொடுக்கலாம் (சட்டம் 861). கொடுப்பவர் கிறிஸ்தவராக இருக்கத் தேவையில்லை. திருச்சபை எதைச் செய்கிறதோ அதைச் செய்யும் எண்ணம் இருந்தால் போதும்.

கவனிக்க வேண்டியது செய்முறையை. தண்ணீர் தோலில் பட்டு ஓட வேண்டும். ஈரப்பஞ்சால் ஒற்றினால் ஐயம் வரும். ஊற்றுகிறவரே வசனமும் சொல்ல வேண்டும். ஒருவர் ஊற்ற மற்றவர் சொன்னால் செல்லாது. "நான்" என்பதற்குப் பதில் "நாங்கள்" என்றால் செல்லாது என்று 2020 ஓகஸ்டில் வத்திக்கான் தெளிவாகவே அறிவித்தது. தண்ணீர்தான் வேண்டும், பாலோ பழச்சாறோ சரிவராது. இறந்த பிறகு கொடுப்பதில்லை. அப்போது செபம் மட்டும்.

பிள்ளை பிழைத்தால் திரும்ப ஞானஸ்நானம் இல்லை. எண்ணெய் பூசுதல், வெள்ளை உடுப்பு, மெழுகுதிரி ஆகியவற்றைக் கோயிலில் பின்னர் நிறைவு செய்வார்கள். பங்குப் பதிவேட்டில் எழுதுவிப்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கரையோரம்:

வாசிக்க நெஞ்சு கனக்குது, அந்தத் தாயைக் குறை சொல்லேல்லை. ஆனா வேதம் வேறமாதிரிச் சொல்லுது. பிலிப்பும் அவர் முழுக்குக் குடுத்த எத்தியோப்பிய மந்திரியும் ரெண்டு பேருமே தண்ணிக்குள்ள இறங்கினவை (அப்போஸ்தலர் 8:38). ரோமர் 6:4 அதை அடக்கம் எண்டுது. நெத்தியில ஒரு பிடி மண்ணைத் தூவிப்போட்டு அடக்கம் முடிஞ்சுது எண்டு ஆரும் வீட்டை போறேல்லை. விசுவாசிக்கிறது முதல், முழுக்கு பிறகு. பால்குடிப் பிள்ளை எதை விசுவாசிக்கும்?

இஞ்ச நெருடினது வேற. கசூரினாக் கடற்கரையில ஒரு அக்காவை முழுக்கேக்க கால் மிதந்து, நெத்தியும் மூக்கும் தண்ணிக்கு மேல நிண்டிட்டுது. பாஸ்ரர் திரும்பவும் தாட்டு எடுத்தார். கரையில நிண்ட ஒருத்தர் சத்தமாக் கேட்டார்: "இப்ப ரெண்டு ஞானஸ்நானமோ?" இல்லை. முதல் தரம் முடியேல்லை, அவ்வளவுதான்.

கால் ஏன் மிதக்குது? முழங்காலை மடிக்காமல், பயத்தில உடம்பை விறைப்பாக்கிக்கொண்டு பின்னால சாயிறதால. இடுப்புக்கு மேல, நெஞ்சுக்குக் கீழ தண்ணி வேணும். கசூரினாவில அதுக்குக் கனதூரம் நடக்கவேணும். முழுகிறவர் ஒரு கையால மூக்கைப் பொத்தி, மற்றக் கையால அந்த மணிக்கட்டைப் பிடிக்கவேணும். பாஸ்ரற்ற ஒரு கை பிடரிக்குக் கீழ, மற்றது அந்தக் கையளுக்கு மேல. அலைக்குப் பக்கவாட்டா நிண்டு, ரெண்டு அலைக்கு நடுவில தாட்டு எடுக்கவேணும். பொம்பிளையளின்ர வெள்ளைச் சட்டை காத்துப் பிடிச்சு ஊதும். இறங்க முதலே நனைச்சு முழங்காலோட ஒதுக்கிவிட்டால் அந்தக் கரைச்சல் இல்லை. உதவிக்கு ரெண்டு பேர் நிக்கவேணும்.

வட்டுக்கோட்டையான்:

கரையோரம் தம்பி, செய்முறை நல்லாயிருக்கு. வாதம் பாதிதான் நிக்குது. திதாகே எண்ட ஆதிச்சபைக் கைநூல், முதல் ரெண்டு நூற்றாண்டுக்குள்ள எழுதினது, 7ஆம் அதிகாரம்: ஓடுற தண்ணியில குடு, அது இல்லாட்டி வேற தண்ணி, குளிர்தண்ணி சரிவராட்டி வெந்தண்ணி, ரெண்டும் இல்லாட்டித் தலையில மூண்டுதரம் ஊத்து. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பேரால. முழுக்குத்தான் முதல் இடத்தில இருக்கு, அதை மறுக்கேல்லை. ஆனா ஊத்தினது செல்லாது எண்டு அந்தக் காலத்து ஆக்களே சொல்லேல்லை.

குழந்தை விசயத்தில அதே அதிகாரம் உமக்குச் சாதகம், அதையும் சொல்லத்தான் வேணும். முழுகிறவர் ஒண்டு ரெண்டு நாள் உபவாசம் இருக்கச் சொல்லுது. பால்குடிக்கு அது நடக்காது. குழந்தைக்கும் குடுக்கிற எங்கட பக்கம் காட்டுறது அப். 16:33, சிறைக்காவலனும் அவன்ர வீட்டார் எல்லாரும். அந்த வீட்டில தொட்டில் இருந்ததோ எண்டுதான் இண்டைவரைக்கும் சண்டை.

பாஷையூர்_குறிப்பேடு:

எல்லோரும் சாவையும் கடலையும் பேசுகிறீர்கள். ஞானஸ்நானம் செல்லுமா என்ற கேள்வி அதிகம் கிளம்புவது கலியாண எழுத்து நேரத்தில்தான். ஒரு மணப்பெண்ணின் ஞானஸ்நானப் பதிவேடு இடப்பெயர்வில் போய்விட்டது. பங்குமனையில் (சுவாமியின் அலுவலகத்தில்) மேசைமேல் வைத்தது பழைய படம் ஒன்று மட்டும், தொட்டியும் சுவாமியின் கையும் தெரிகிற படம். அதனால் இனிக் கட்டப்போகிறவர்களுக்குச் சில விஷயம். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

பதிவேடு இல்லை என்றால் ஞானஸ்நானமே இல்லை என்று ஆகாது. எவருக்கும் பாதகம் வராத இடத்தில், நம்பத்தக்க ஒரு சாட்சியின் வாக்குமூலம் போதும். வளர்ந்தபின் பெற்றவர் என்றால் அவருடைய சத்தியமே போதும் (சட்டம் 876). ஞானத்தாய், ஞானத்தகப்பன் உயிரோடு இருந்தால் முதலில் அவர்களைப் பிடியுங்கள். படம் துணைச்சான்று. இத்தனைக்கும் பிறகு உண்மையான ஐயம் நின்றால் மட்டுமே நிபந்தனையோடு கொடுப்பார்கள் (சட்டம் 869): "நீ ஞானஸ்நானம் பெற்றிராவிட்டால்…" என்று தொடங்கும்.

கத்தோலிக்கர் கலியாணத்துக்குக் கொண்டுபோகும் பத்திரம் புதிதாக எடுத்ததாக இருக்க வேண்டும்; வழக்கமாக ஆறு மாதத்துக்குள். அம்மாவின் அலுமாரியில் இருக்கும் முதல்நன்மை (முதன்முதல் நற்கருணை வாங்குதல்) காலத்துப் பிரதி உதவாது. காரணம், பதிவேட்டின் ஓரத்தில் உறுதிப்பூசுதல், திருமணம் எல்லாம் குறிப்பார்கள். அந்த ஓரக்குறிப்பைத்தான் பார்க்கிறார்கள்.

மற்றச் சபைக்காரரைக் கட்டுவதென்றால் முதலில் எந்தச் சபை என்று சரியாகச் சொல்லுங்கள். வெளியூர் ஆட்கள் இங்கே குழம்புகிறார்கள். 1947 செப்டெம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது யாழ்ப்பாணத்திலிருந்து சேர்ந்தது அமெரிக்க மிஷன் வழிச் சபை. இங்குள்ள அங்கிலிக்கனும் மெதடிஸ்தும் அதில் சேரவில்லை. ஆகவே மூன்றுக்கும் மூன்று பதிவேடு, மூன்று அலுவலகம். தண்ணீரும் திரித்துவ வசனமும் இருந்தால் மூன்றின் ஞானஸ்நானத்தையும் கத்தோலிக்கம் ஏற்கும்; திரும்பக் கொடுக்காது. அந்தக் கலியாணத்துக்கு ஆயரின் அனுமதி வேண்டும் (சட்டம் 1124). சைவரைக் கட்டுவதென்றால் அனுமதி போதாது, விதிவிலக்கு வேண்டும் (சட்டம் 1086). அது இல்லாமல் கட்டினால் கலியாணமே செல்லாது. மண்டபம் பிடித்து, காட் அடித்து, கடைசிக் கிழமையில் பங்குமனைப் படி ஏறாதீர்கள்.

உடுவில்_ஞாயிறு:

ஐயா, கலியாணத் தரகு திரி வேறாகத் தொடங்குங்கோ :)

ஞாயிறு பள்ளியில ஒரு ரீச்சர் வில்வம் இலையைப் பிடிச்சுக்கொண்டு திரித்துவம் படிப்பிச்சா. "மூண்டு இதழ், ஆனா ஒரே இலை." முன்னுக்கு இருந்த சின்னப் பிள்ளை ஒரு இதழைக் கிள்ளி எடுத்துப்போட்டு, "இப்ப ஆர் போயிட்டார் ரீச்சர்?" எண்டு கேட்டுது. ரீச்சர் பாவம், இலையைத்தான் பாத்துக்கொண்டு நிண்டா.

பிள்ளை பிடிச்சது சரியான பிழையை. இதழ் இலையின்ர மூண்டில ஒரு பங்கு. குமாரன் தேவனின்ர மூண்டில ஒரு பங்கு இல்லை, முழுத் தேவன். அடுத்ததா எல்லாரும் தூக்கிறது தண்ணி, ஐஸ், நீராவி. அது இன்னும் மோசம். ஒரே ஆள் மூண்டு வேசம் போடுறார் எண்டு ஆகும். மூண்டாம் நூற்றாண்டில சபெல்லியுஸ் சொல்லித் தள்ளுபட்ட போதனை அது. யோர்தானில குமாரன் தண்ணியில நிக்க, ஆவி இறங்க, பிதா பேசின இடத்தில அது உடைஞ்சுபோகும். படைத்தல், காத்தல், அழித்தல் எண்டு மும்மூர்த்திக்குத் தொழில் பிரிக்கிறமாதிரியும் சொல்லேலாது. எந்தச் செயலும் மூவருக்கும் பொது.

உவமையை விட்டிட்டு மூண்டு வசனமாப் படிப்பிச்சால் பிள்ளையளுக்கு விளங்கும். தேவன் ஒருவர். பிதாவும் குமாரனும் ஆவியும் ஒவ்வொருவரும் முழுத் தேவன். பிதா குமாரன் இல்லை, குமாரன் ஆவி இல்லை. 325இல நிசேயாவில கூடின சபைச் சங்கத்தில, குமாரன் படைக்கப்பட்டவர் எண்டு சொன்ன ஆரியுஸுக்கு மறுமொழியா முடிவானது குமாரனைப் பற்றினது, பிதாவோட ஒரே தன்மை, படைக்கப்பட்டவர் இல்லை எண்டு. ஆவியைப் பற்றின வரியள் 381இல கொன்ஸ்தாந்திநோபிளில வந்தது. மூண்டில ஒண்டை விட்டால் எந்தப் பிழை வருமெண்டு பிள்ளையளையே சொல்லவிடுங்கோ, கெதியாப் பிடிப்பினம்.

நவாலி_வாசகன்:

திரித்துவம் பெரிய ஆக்களுக்கு. இஞ்ச நெருடினது நற்கருணை அப்பம். கோதுமை ஒத்துவராத ஒரு பிள்ளை, முதல்நன்மைக்கு நிரையில நிக்குது; தாய் வீட்டில சுட்ட அரிசி அப்பத்தைச் சின்னப் பெட்டியில கொண்டுவந்து நீட்டுறா. சுவாமி பெட்டியை வாங்கேல்லை. தாயின்ர முகம் போன போக்கு.

அவர் கல்நெஞ்சன் இல்லை. கத்தோலிக்கத்தில அப்பம் கோதுமைதான் (சட்டம் 924). அரிசி அப்பம் செல்லாது, கோதுமையின்ர பசைப்புரதம் (குளூட்டன்) முழுசா நீக்கினதும் செல்லாது. குறைஞ்ச அளவு உள்ள அப்பம் விக்கிறது, அது செல்லும். அதுவும் தாங்காட்டி திராட்சை இரசம் மட்டும் வாங்கலாம், அது முழு நன்மைதான். ஆனா கிண்ணம் வேற வேணும்: சுவாமி தன்ர கிண்ணத்தில அப்பத் துண்டு போடுறவர், அதில குடிச்சால் பிள்ளைக்குச் சுகமில்லாமல் வரும். இதை ஆயத்த வகுப்பு நேரமே சுவாமிக்குச் சொல்லிவைக்கவேணும்.