அமெரிக்க எயார்போட்டில போனைத் திறக்கச் சொன்னா நாலாம் திருத்தம் கை கொடுக்குமா?

கல்லடிப்பக்கம் (கேள்வி):
வந்தாறுமூலைக் கம்பஸில முடிச்ச பிள்ளைகள் சிலர் எஃப்-1 விசாவில மேற்படிப்புக்கு அமெரிக்கா போறாங்க. இமிகிரேஷனில போனைத் திறந்து காட்டச் சொன்னா மறுக்கலாமா? நியாயமில்லாத சோதனையைத் தடுக்கிற நாலாம் திருத்தம் அமெரிக்க அரசியலமைப்பில இருக்கு, 2014 ரைலி வழக்குக்குப் பிறகு வாறண்ட் இல்லாமல் போனில கை வைக்க ஏலாது என்று ஒரு சேர் சொல்றார். உரிமையெல்லாம் அந்த நாட்டுப் பிரசைகளுக்குத்தான் என்று இன்னொருவர் சொல்றார். எது சரி? ஃபேஸ்புக் ஒரு பதிவை அழிச்சா அது பேச்சுரிமையைக் காக்கிற முதலாம் திருத்தத்தின் மீறலா என்றும் ஒரு பிள்ளை கேட்குது.

வாவிக்கரை:
ரெண்டும் அரைகுறை. ரைலி தீர்ப்பை அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் 9 நீதியரசர்களும் ஒருமித்துக் கொடுத்தார்கள், உண்மை. ஆனால் அது பொலிஸ் கைது செய்த ஆளிடம் எடுத்த போனைப் பற்றியது. எல்லையில் வேறு விதி. வந்திறங்கும் கப்பலை வாறண்ட் இல்லாமல் சோதிக்கும் அதிகாரத்தை முதல் காங்கிரஸ் 1789 இலேயே சுங்கச் சட்டத்தில் எழுதிவிட்டது. நாலாம் திருத்தம் அமுலுக்கு வந்தது 1791 இல். அந்தக் கப்பல் விதிவிலக்குக்குள்தான் இன்றைக்குப் போனையும் அடக்குகிறார்கள்.

பிரசைக்கு மட்டும் என்பதும் பிழை. 1886 யிக் வோ வழக்கில், சான் பிரான்சிஸ்கோவில் லோன்றி நடத்திய சீனர் ஒருவருக்கு, அவர் அமெரிக்கப் பிரசை இல்லாதபோதும், 14ஆம் திருத்தத்தின் சம பாதுகாப்பு கிடைத்தது. உள்ளே போய்ப் படிக்கும் மாணவரைப் பொலிஸ் பிடித்தால் ரைலி அவருக்கும் பொருந்தும். அங்கே பலர் மாட்டுப்படுவது சம்மதத்தில்: "சரி, பாருங்க" என்று சொன்ன அந்த நொடியே வாறண்ட் தேவையில்லாமல் போகிறது. மறுக்கலாம் என்று பொலிஸ் சொல்லித்தர வேண்டிய கடமையும் இல்லை (1973 ஷ்னெக்லோத் தீர்ப்பு).

ஒலுவில்காற்று:
வாவிக்கரை அண்ணன் சொன்னதோட நடைமுறையையும் சேர்த்துக்கொள்ளுங்க. பாஸ்கோட் தர மறுத்த அமெரிக்கப் பிரசையை உள்ளே விட்டே ஆகணும், போனை மட்டும்தான் பிடிச்சு வைக்கலாம். விசாக்காரர் மறுத்தா திருப்பி அனுப்பலாம். அதால மாணவருக்கு மறுக்கிற உரிமை பேருக்குத்தான்.

அமெரிக்க சுங்க, எல்லைக் காவல் திணைக்களத்தின் 2018 பணிப்புரைப்படி சோதனை ரெண்டு வகை. ஒபிசர் கையால தட்டிப் பார்க்கிறதுக்குச் சந்தேகம் தேவையில்லை. கருவி பொருத்திப் பிரதி எடுக்கிறதுக்கு நியாயமான சந்தேகமோ தேசிய பாதுகாப்புக் காரணமோ வேணும், மேலதிகாரியின் அனுமதியும் வேணும். போனில இருக்கிறதை மட்டும்தான் பார்க்கலாம், கிளவுட்டில இருக்கிறதைப் பார்க்கக்கூடாது. அதால நெட் தொடர்பைத் துண்டிச்சிட்டுத்தான் பார்க்கணும். ஃப்ளைட் மோட் போட்டிருக்கா என்று நீங்களும் பாருங்க. போனைப் பிடிச்சு வச்சா 6051டி பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்க. வழமையா 5 நாள், ஆனா நீட்டலாம்.

இறங்க முதல் போனை முழுசா ஓஃப் பண்ணுங்க. திரும்பப் போட்டா முகமோ விரலோ செல்லாது, பாஸ்கோட்தான் கேட்கும். எல்லாத்தையும் அழிச்சு வெறும் போனோட போறது நல்லதில்ல, அதுவே கேள்வியைக் கிளப்பும்.

இதைவிடப் பெரிய பொறி விசாப் படிவம் டிஎஸ்-160. கடைசி 5 வருஷத்தில பாவிச்ச சமூக ஊடகக் கணக்குப் பேர்களைக் கேட்கும். மூடின கணக்கென்றாலும் அந்தக் காலத்துக்குள்ள பாவிச்சிருந்தா எழுதணும். தெரிஞ்சுகொண்டு மறைச்சது பிடிபட்டா பொய்த் தகவல் என்று ஆயுளுக்கும் விசாத் தடை வரலாம்.

அபுதாபி வழியாப் போற பிள்ளைகள் இதையும் கவனிங்க: அமெரிக்க இமிகிரேஷன் அங்கேயே முடியுது. 1990 வெர்டூகோ தீர்ப்பில, வெளிநாட்டில உள்ள வெளிநாட்டவரின் சொத்தைச் சோதிக்க நாலாம் திருத்தம் தடையில்லை என்றாங்க. அங்க நின்று உரிமை பேசுறது இன்னும் கஷ்டம்.

மாவடிவேம்பு:
சட்டம் இப்படி இருக்குது, சரி. இப்படி இருக்கக்கூடாது என்பதுதான் என் கருத்து. எல்லைச் சோதனை, கடத்தல் பொருள் உள்ளே வராமல் தடுக்க வந்த அதிகாரம். பத்து வருட வாட்ஸ்அப் பேச்சு பெட்டியில் வரும் பொருளா? அதே செய்தி சுங்கத்தைக் காணாமலே இணையம் வழியாக உள்ளே போகலாமே! 9ஆம் சுற்று நீதிமன்றம் (லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துக்கான மேன்முறையீட்டு நீதிமன்றம்) 2019 கானோ வழக்கில் ஓரளவு இந்தப் பக்கம் வந்து, வாறண்ட் இல்லாமல் போனில் தேடக்கூடியது டிஜிட்டல் கடத்தல் பொருளை (வைத்திருப்பதே குற்றமான படங்கள் போன்றவை) மட்டுமே என்றது. மியாமி பக்கத்துக்கான 11ஆம் சுற்றோ 2018 இல் கருவிச் சோதனைக்கும் சந்தேகம் தேவையில்லை என்றது. ஒரே பிள்ளை லொஸ் ஏஞ்சல்ஸில் இறங்கினால் ஒரு பாதுகாப்பு, மியாமியில் இறங்கினால் இன்னொன்று. இந்தப் பிளவை உயர் நீதிமன்றம் தீர்த்து வைக்க வேண்டும். பணிப்புரையை நம்பவும் ஏலாது, எழுதிய திணைக்களமே நாளைக்கு மாற்றலாம்.

வாவிக்கரை:
மாவடிவேம்போடு முழுக்க உடன்படுகிறேன். ஃபேஸ்புக் கேள்வி விடுபட்டுப் போச்சு. முதலாம் திருத்தம் அரசைத்தான் கட்டும், தனியார் கம்பனி தன் தளத்தில் அழிப்பதைத் தடுக்காது. நம்ம இலங்கை அரசியலமைப்பில் அடிப்படை உரிமை வழக்குப் போட வழி தரும் 126ஆம் உறுப்புரையும் நிறைவேற்று, நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தானே போகிறது, அதே மாதிரி. ஆனால் ஒரு நகர அதிகாரி தன் பக்கத்தில் உங்களை புளொக் பண்ணினால் வழக்கு உண்டு. 2024 லிண்ட்கே தீர்ப்பின்படி ரெண்டை நிரூபிக்க வேண்டும்: அரசு சார்பில் பேச அவருக்கு உண்மையில் அதிகாரம் இருந்தது, அந்தப் பதிவில் அந்த அதிகாரத்தோடுதான் பேசினார் என்று. குடும்பப் படம் போடுகிற சொந்தக் கணக்கென்றால் பதிவு பதிவாகப் பார்ப்பார்கள்.