ஹால் சுவத்துல ஒரே கலர்ல பெரிய படம் மாட்டலாமா?

மேடவாக்கம்_மாடிவீடு:
எல்லாருக்கும் வணக்கம். போன மாசம்தான் புது ஃபிளாட்டுக்குக் குடி வந்தோம். சோபாவுக்குப் பின்னாடி 10 அடி சுவர் காலியா இருக்கு. இன்டீரியர் பண்றவர் அங்க 4 அடிக்கு 3 அடியில ஒரு கேன்வாஸ் மாட்டலாம்ங்கிறார், முழுக்க வெள்ளை, அதுக்குள்ளயே கொஞ்சம் பழுப்படிச்ச வெள்ளையில ரெண்டு பட்டை, அவ்வளவுதான். போட்டோ பாத்ததுமே எனக்குப் புடிச்சிருச்சு, ஓஎம்ஆர்ல ஒன்றரை மணி நேரம் ஹாரன் சத்தத்துல வந்து உக்காந்தா கண்ணுக்கு அப்படி ஒண்ணுதான் வேணும்னு தோணுது. ஆனா அம்மா, "எதுக்குடி வெறும் துணியை மாட்டற, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு, ஒரு தஞ்சாவூர் படம் வாங்கு"ன்னு சொல்றாங்க. இதுல நிஜமாவே விஷயம் இருக்கா, இல்ல ரெண்டு வருஷத்துல போயிடுற ஃபேஷனா?

கரித்துண்டு:
ஃபேஷன் இல்லீங்க, நூறு வருஷத்துக்கு மேல ஆகுது. ரஷ்யாவுல மாலெவிச்ங்கிற ஓவியர் கருப்பு சதுரத்தை 1915லயே காட்சிக்கு வச்சிட்டார், 1918ல வெள்ளை மேல வெள்ளை சதுரம் வரைஞ்சார், அது இப்ப நியூயார்க்ல மோமா மியூசியத்துல இருக்கு. நம்ம பக்கம் நஸ்ரீன் முகமதி, 1990ல இறந்துட்டாங்க, பரோடாவுல டீச்சரா இருந்தவங்க, பென்சில் மை ரெண்டுலயும் கோடு மட்டுமே போட்டு அவ்வளவு அமைதியைக் கொண்டு வந்தாங்க. சென்னை ஓவியக் கல்லூரியில படிச்ச ஆதிமூலம் வெறும் கருப்புக் கோட்டுல வரைஞ்ச காந்தியைப் பாருங்க, கலர் இல்லைன்னு ஒரு நிமிஷம்கூடத் தோணாது.

நான் எப்பவும் சொல்ற உதாரணம் மாமல்லபுரம் அர்ஜுனன் தபசு. முழுக்க பாறை, ஒரே கலர். அது கிழக்கு பாத்த சிற்பம், விடிஞ்ச உடனே வெயில் நேரா அடிக்கறப்ப கொஞ்சம் தட்டையாத்தான் தெரியும், அதே வெயில் ஏறி மேல இருந்து உரசிட்டு இறங்கறப்ப ஒவ்வொரு உருவத்துக்கும் கீழ நிழல் விழும், யானையோட வயிறு உருண்டு வெளிய வரும், கலர் இல்லாததாலதான் கண்ணு அந்த நிழலைத் தேடிப் போகுது. ஒரே கலர் படமும் அதே மாதிரிதான், மேற்பரப்பும் வெளிச்சமும்தான் எல்லாமே. அதனால ஒண்ணு கேக்கணும், அது கையால வரைஞ்சதா, பிரின்ட்டா?

ஈசிஆர்_உப்புக்காத்து:
மேல கேட்டதுதான் முக்கியமான கேள்வி. நான் ஒரு கடையில நல்ல காசு குடுத்து சாம்பல் கலர் கேன்வாஸ் வாங்கினேன், போட்டோவுல மேடு பள்ளமா இருந்துச்சு, வீட்டுக்கு வந்து தொட்டா வழவழன்னு இருக்கு, மேடு பள்ளத்தையே போட்டோ எடுத்து பிரின்ட் போட்டிருக்காங்க. எந்த லைட் போட்டாலும் அது மாறவே இல்ல, நாலு மாசத்துல கழட்டிட்டேன். இப்ப சுண்ணாம்பு மாதிரி தடிமனா பூசின சின்னப் படம் ஒண்ணு இருக்கு, சாயங்காலம் பால்கனி வெளிச்சம் பக்கவாட்டுல விழும்போது தினமும் போய் நிக்கறேன்.

டியூப் லைட் நேரா எதிர்ல இருந்தா படம் செத்துடும். மேல இருந்து சாய்வா ஒரு சின்ன ஸ்பாட் லைட், 3000கே வார்ம், அதாவது லேசா மஞ்சளடிச்ச வெளிச்சம், போதும். படத்தோட நடு தரையில இருந்து 57 இன்ச்ல வர்ற மாதிரி மாட்டுங்க, நம்மாளுங்க எல்லாரும் ரொம்ப ஒசத்தி மாட்டிடுறாங்க. பேப்பர்ல வரைஞ்சதுன்னா கண்ணாடி பேப்பரைத் தொடவே கூடாது, நடுவுல மவுன்ட் போர்டு, அதாவது படத்தைச் சுத்தி வர்ற தடிமனான அட்டை, வைக்கச் சொல்லுங்க, நம்ம ஊர் ஈரத்துக்கு ஒரு மழை சீசன்லயே பூஞ்சை புள்ளி வந்துரும், வெள்ளைப் படத்துல அது அப்படியே தெரியும். பிரேமுக்குப் பின்னாடி நாலு மூலையிலயும் கார்க் துண்டு ஒட்டி சுவத்துல இருந்து தள்ளி வைங்க.

திண்ணை_1972:
அம்மா சொல்றதையும் தள்ளிடாதம்மா. வெள்ளை சுவரு, வெள்ளை டைல்ஸு, வெள்ளை கர்ட்டன், அதுல வெள்ளைப் படமும் மாட்டினா ஆஸ்பத்திரி மாதிரிதான் இருக்கும். பக்கத்துல ஒரு பிரம்பு நாற்காலி, பழைய தேக்கு பெஞ்சு, ஒரு பித்தளைச் செம்பு, இப்படி ஏதாவது இருந்தாத்தான் அந்த வெள்ளை எடுப்பாத் தெரியும். தஞ்சாவூர் படத்தையும் வாங்கு, ஆனா அதே சுவத்துல வேண்டாம். தங்க ரேக்கு மங்கின வெளிச்சத்துலதான் மின்னும், நிலைப்படி தாண்டினதும் இருக்கற இருட்டு மூலையில வை. ரெண்டும் ஒண்ணையொண்ணு கெடுக்காது.

மேடவாக்கம்_மாடிவீடு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்டீரியர்காரர்கிட்ட போன் பண்ணிக் கேட்டேன், பிரின்ட்தானாம். வேண்டாம்னு சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் போறோம், 1966ல ஓவியர்களே சேந்து உருவாக்கின ஊர்னு சொன்னதும் அம்மாவுக்கே ஆசை வந்துருச்சு. அந்த அர்ஜுனன் தபசு மேட்டரைப் படிச்சுக் காட்டினேன், "அப்ப அந்தப் படத்தையும் பத்து மணிக்குப் பாக்கணும், சாயங்காலமும் பாக்கணும்"னாங்க. அங்க விக்கறவங்ககிட்ட படத்தை ஜன்னல் பக்கம் கொண்டு போய்ப் பாக்கலாமான்னு கேட்டா தப்பா எடுத்துப்பாங்களா?

கரித்துண்டு:
தாராளமா கேளுங்க, வரைஞ்சவங்களுக்கு அதைவிட சந்தோஷம் வேற இல்ல.